அப்பாவின் வண்டிக்கு ஒரு வார்த்தை

அக்டோபர் 8, புதன்

பௌர்ணமிக்கு விடிய விடிய ஆட்டோ ஓட்டிவிட்டு அப்பா இன்று பகலெல்லாம் தூங்கினார். நான் பள்ளியிலிருந்து வந்தபோதுதான் எழுந்து உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாப்பா, நம்பிக்கையான ஆளுன்னு ஸ்பானிஷ்ல எப்டி எழுதுவாங்க?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா?"

"வண்டிக்குப் பின்னால ஒட்டத்தான். எல்லாரும் அண்ணாமலையார் துணைன்னு போட்டுக்கினு இருக்கானுங்க. அவரு எல்லாருக்கும் துண. நமக்குன்னு தனியா ஒண்ணு வேணாமா?"

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் விவரத்தை எழுதி வைக்கிறேன். எங்கள் திருவண்ணாமலையில் மார்கழியும் தையும் சீசன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து செங்கம் சாலைப் பக்கம் வாடகை வீடுகளில் தங்குவார்கள். அடுத்த தெரு மாடியில் இருக்கும் மாரிசோல் அக்கா ஸ்பெயின்காரர். வருஷா வருஷம் ஸ்பெயினிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் ஆட்களை வரவழைத்துத் தங்க வைக்கிறார். இந்த முறை சீசன் முழுவதற்கும் ஒரே ஆட்டோவைப் பிடித்துக்கொள்ளப் போகிறாராம். அது அப்பாவா, அதே ஸ்டாண்டில் இருக்கும் சாம்சன் மாமாவா என்பதைத் தீபத்துக்குள் சொல்வாராம். சாம்சன் மாமாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அப்பாவுக்கு நான்தான் வருவேன்.

என்னிடம் அட்டை கிழிந்த ஸ்பானிஷ் அகராதி ஒன்று இருக்கிறது. யாரோ ஊருக்குப் போகும்போது சீட்டில் விட்டுவிட்டுப் போனது. ஸ்பெயின் ராஜாவின் மருமகன் விட்டுப் போனதாக அப்பா சொல்லுவார்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பரணிலிருந்து பெங்களூர்ப் பையை இறக்கி ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். சீசன் கிடைக்கவில்லையென்றால் பொங்கல் முடிந்ததும் போன வருஷம் மாதிரி அங்கே கார் ஓட்டப் போய்விடுவார். போன வருஷம் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, படிக்க நிறைய இருந்தது. தினமும் போன் செய்வார். போனில் அப்பா கதை சொல்ல மாட்டார். "சாப்டியா? படிச்சியா?" அவ்வளவுதான்.

பை சும்மாக் கிடந்ததால், அலமாரியில் இடமில்லாத என் புத்தகங்களை அதில் அடுக்கி வைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு வார்த்தைதானே என்று நினைத்தது தவறு. நம்பிக்கையில் இத்தனை வகை இருப்பது எனக்குத் தெரியாது.

கிரெயீப்லே என்றால் நம்பக்கூடியது. கதைக்கும் சாக்குப்போக்குக்கும் பொருந்தும். வெரோசீமில் என்றால் நடந்திருக்கலாம் போலத் தோன்றுவது. உண்மையில் நடந்ததா என்பது வேறு விஷயம். ஃபிதெதிக்னோ என்பது செய்திக்கும் சான்றுக்கும் வரும். ஃபியாப்லே ஆளுக்கும் வரும், கைக்கடிகாரத்துக்கும் வரும். கொன்ஃபியாப்லே ஏறக்குறைய அதேதான், ஆனால் அர்ஜென்டினா பக்கம் அதிகமாகச் சொல்வார்களாம். கடைசியாக தெ கொன்ஃபியான்சா என்று ஒன்று, நம்பிக்கைக்கு உரிய என்று அர்த்தம். அது இரண்டு வார்த்தையாக இருப்பதால் ஒதுக்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்த மூணாவது கெத்தா இருக்குது. ஃபிதெ… அதையே வெட்டச் சொல்லிடு."

"அது ஆளுக்கு வராதுப்பா. தகவலுக்குத்தான்."

"ஊருக்கே தகவல் சொல்றவன் யாரு? நான்தானே!"

அம்மா மாவரைத்துக்கொண்டே, "ஒரு நம்பிக்கைக்கு எதுக்குடி இத்தினி வார்த்த?" என்றாள். பிறகு அவளே கொஞ்சம் யோசித்து, "அதுவும் சரிதான். நம்ம பால்காரர நான் நம்புறேன். அவரு பால நம்புறதில்ல" என்றாள்.

இதை அகராதி எழுதியவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் மாரிசோல் அக்காவுக்குத் தோசை மாவு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அம்மா அவரை மாரி என்பாள். அப்பா மாரி மேடம் என்பார். ஸ்டாண்டில் மற்றவர்களுக்கெல்லாம் அவர் மாரியம்மா. அவருக்கு மூன்றும் பிடித்திருக்கிறது.

இன்று கதவைத் திறந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். போன சீசனில் வந்த ஒரு பெண், மலை ஒவ்வொரு சித்திரைக்கும் ஓர் அடி நகர்கிறது, அதனால்தான் கிரிவலப் பாதை நீண்டுகொண்டே போகிறது என்று ஊருக்குப் போய்ப் பத்திரிகையில் எழுதிவிட்டாளாம். யார் சொன்னது என்று கேட்டால் "ஆட்டோ தனகோட்டி" என்றாளாம்.

"உங்க அப்பா பொய் ரொம்ப அழகு" என்று தமிழிலேயே சொன்னார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், இது சீசனுக்கு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரியாஸ் அண்ணனின் ஸ்டிக்கர் கடை மூடியிருந்தது. நல்லதாகப் போயிற்று. வார்த்தை இன்னும் முடிவாகவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா காலையில் வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனார். "வண்டிக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு வேணாமா?" என்றார். போன செவ்வாயும் அப்படித்தான் போனார். வண்டிக்கு லீவு என்றால் அப்பாவுக்கு ஏன் காக்கிச் சட்டை என்று நான் கேட்கவில்லை.

சாம்சன் மாமாவை இரண்டு வாரமாகக் காணோம். சென்னையில் தங்கை வீட்டு விசேஷமாம். நீளமான விசேஷம்.

கணக்குத் தேர்வு நாளை. வட்டம் நன்றாக வருகிறது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம் என்று பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். அதை மாரிசோல் அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று மாவோடு கொண்டுபோனேன். இன்று அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். இங்கிலீஷும் தமிழும் கலந்து மெதுவாகப் பேசினார்.

போன செவ்வாய் விடிகாலை அவருடைய ஆட்கள் இரண்டு பெண்கள் சென்னைப் பேருந்தில் வந்து இறங்குவதாக இருந்தது. அப்பாவைப் போகச் சொல்லி முந்தின நாள் கேட்டிருக்கிறார். போளூரில் பெரியப்பா செத்துவிட்டார், செவ்வாய் முழுக்க அங்கேதான் இருப்பேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வேறு வண்டி சொல்லி, அது தாமதமாகி, அந்தப் பெண்கள் இருட்டில் பேருந்து நிலையத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி அழுதுவிட்டாளாம். அன்று மதியம் வங்கிக்குப் போகும்போது, அப்பா இரண்டு ஜெர்மன்காரர்களை ஏற்றிக்கொண்டு வேறு யாருடைய ஆட்டோவிலோ போவதை இவர் பார்த்திருக்கிறார்.

"போளூர்ல பெரியப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பெரியப்பாவே கிடையாது. நான் மாவுத் தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மலை நடக்கட்டும், யுவா. அது கதை. எனக்குச் சந்தோஷம். ஆனா என் பொண்ணுங்க ராத்திரி ரோட்டுல நிக்கும்போது இந்த ஆளு வருவாரா, வரமாட்டாரா? எனக்கு அது மட்டும்தான் தெரியணும்."

போளூர்ச் சாவு நம்பக்கூடியதுதான், கிரெயீப்லே. வெரோசீமிலும்கூட. அகராதிப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

மிட்டாயைக் கொடுக்க மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

துவைக்கப் போட்ட அப்பாவின் சட்டைப்பையில் ஒரு ஆட்டோச் சாவி இருந்தது. சின்னச் சிலுவை கோத்த சாவிக்கொத்து. சாம்சன் மாமாவுடையது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சொன்னாள். சாம்சன் மாமா சென்னையில் இல்லை. குடியை நிறுத்துவதற்காக வேலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருக்கிறார். யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, அவராகவே போனாராம். ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது படுத்துவிட்டால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள் அவருடைய வண்டியை ஓட்டி, அன்றைய வசூலை அவர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அவருடைய வாடிக்கையாளர்கள் வேறு கைக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கு, ஏன் என்று வெளியே வாய் திறக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை அப்பாவின் முறை, அதற்குத்தான் இந்த மாற்றுச் சாவி.

"சாம்சன் மாமாவுக்குத்தானேம்மா சீசன் போகும்? அவரோட ஆளுங்கள அப்பா ஏன் காப்பாத்திக் குடுக்கணும்?"

"நாளைக்கு உங்கப்பன் படுத்தா செவ்வாக்கிழம யாருடி ஓட்டுவா?"

"மாரிசோல் அக்காகிட்ட இத மட்டும் சொல்லிட்டா…"

"குடிகாரன்னு ஒரு தடவ பேராச்சுன்னா எந்த வெள்ளக்காரி ஏறுவா? அவரு பொண்டாட்டி எஸ்தரு ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவா? கேட்டுட்டல்ல, மறந்துடு."

நான் எதையும் சுலபத்தில் மறக்கிற ஆள் இல்லை. அதனால்தான் முதல் ரேங்க்.

நவம்பர் 16, ஞாயிறு

பெங்களூர்ப் பையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகங்களையும் வைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மாவு கொண்டுபோவதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று ஸ்பானிஷில் எழுதிப் பழகிக்கொண்டேன். சொன்னால் இன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று தெரியும். மாடிப்படி ஏறும் வரைக்கும்கூடச் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

மாரிசோல் அக்கா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்ற அதே நேரத்தில் கீழே சாம்சன் மாமாவின் ஆட்டோ வந்தது. ஓட்டியது அப்பா. மேலே நிமிர்ந்து பார்த்தார். எங்கள் இருவரையும் கண்டதும் ஆமை மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். பின்சீட்டில் இருந்த ஜெர்மன்காரர் மட்டும் எங்களுக்குக் கையாட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கொடியில் தொங்கிய துணியைப் பார்த்தேன்.

"உனக்குக் காரணம் தெரியும்."

"தெரியும்."

"சொல்லு."

"சொல்லக் கூடாது அக்கா."

"கெட்ட காரணமா?"

"இல்ல."

"உன் அப்பா இதுவரைக்கும் மூணு கதை சொன்னார். ஒண்ணு போளூர். ஒண்ணு கிளட்ச் வயர். இன்னொண்ணுல சிறுத்தை வருது. நீ ஒண்ணுகூடச் சொல்லல."

எழுதிப் பழகியதெல்லாம் மறந்துபோய் வேறு ஏதோ வந்தது. அப்பாவின் கதைகள் கிரெயீப்லே இல்லை, ஆனால் அப்பா தெ கொன்ஃபியான்சா என்று ஸ்பானிஷில் சொன்னேன். ஒதுக்கி வைத்திருந்த அந்த வார்த்தை ஏன் அப்போது வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் ஒரு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டு, "ஏன், ஃபியாப்லேன்னு சொல்லலியா?" என்றார்.

"அது வாட்சுக்கும் சொல்வாங்க."

அவர் உள்ளே போனார். தூக்கைக் கழுவிக் கொடுத்தார். சீசனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. நவம்பரில் காற்று அதிகம்.

நவம்பர் 23, ஞாயிறு

சாம்சன் மாமா வந்துவிட்டார். முகம் இளைத்து, மீசை எடுத்து, வேறு யாரோ மாதிரி இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"உள்ள வாடா. மாப்பிள்ள மாதிரி நிக்கற" என்றார் அப்பா.

இருவரும் ஸ்டாண்டு, பெட்ரோல், மழை என்று எல்லாவற்றையும் பேசினார்கள். வேலூரைப் பேசவில்லை. கடைசியில் மாமா, "மாரியம்மா முடிவு சொல்லிடுச்சா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்? நான் பொங்கலுக்கு மேல பெங்களூர் போறேன். அங்க ஏசி கார் தரான். நீ ஓட்டு சீசன."

அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

"ஏசி காரும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. செவ்வாக்கிழம உங்க வண்டில இவரு போனத அந்தம்மா பாத்துடுச்சு. இவரு போளூர்ல யாரையோ சாவடிச்சிருந்தாரு. அதோட முடிஞ்சிது."

"ஏம்மே, உனக்கு யாரு கேட்டா?" என்றார் அப்பா.

மாமா காபியைக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் போன பிறகு, வெளியே சொல்லக் கூடாது என்றாயே என்று அம்மாவிடம் கேட்டேன். "அவரு வெளி ஆளா? அவரு விஷயத்த அவருகிட்டதானே சொன்னேன்" என்றாள். அம்மா வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி

மாவைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட நினைத்தேன். மாரிசோல் அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நேற்று மாலை சாம்சன் மாமா வந்தாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். குடித்தது, வேலூருக்குப் போனது, ஸ்டாண்டில் முறை வைத்து வண்டி ஓட்டியது எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லியிருக்கிறார். "தனகோட்டி எங்க பொய் சொன்னானோ அங்கெல்லாம் என் பேரப் போட்டுக்குங்க மேடம்" என்றாராம். அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் தமிழில் சொன்னாராம். "ஆனா எனக்குப் புரிஞ்சுது" என்றார் அக்கா.

"சீசன் உங்க அப்பாவுக்கு. ஆனா ரெண்டு கண்டிஷன். வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லணும், யாரும் சாகக் கூடாது. கதை சொல்லலாம், ஆனா கதைன்னு முன்னாடியே சொல்லிடணும்."

"சாம்சன் மாமாவுக்கு?"

"பகல் சவாரி மட்டும். ஒரு மாசம் போகட்டும், பார்க்கலாம்."

பிறகு எழுந்துபோய், கீழ்க் கதவின் இன்னொரு சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏப்ரலில் அவர் ஊருக்குப் போகும்போது வீடு அப்பாவின் பொறுப்பாம். "சாவி கொடுக்கிற ஆளுக்கு நாங்க சொல்றது அன்னிக்கு நீ சொன்ன வார்த்தைதான். நீ சரியா எடுத்த" என்றார்.

ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அப்பா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் கண்டிஷனுக்குத் தலையாட்டினார். இரண்டாவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "கதைன்னு சொல்லிட்டா அப்புறம் அது இன்னா கதை?" என்றார்.

டிசம்பர் 1, திங்கள்

பள்ளி விட்டதும் அப்பாவும் நானும் ரியாஸ் அண்ணன் கடைக்குப் போனோம். தெ கொன்ஃபியான்சா, மஞ்சள் எழுத்து, நடுவில் இடைவெளி விட்டு. எழுத்துகளை நான்தான் சரிபார்த்தேன். வெட்டி முடித்ததும் அப்பா, "அதே மாதிரி இன்னொண்ணு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, சாம்சன் மாமாவுக்கு அந்த வார்த்தை இன்னும் பொருந்துமா? பெயரடைன்னா இருக்கிற குணத்தச் சொல்லணும்."

"பொருந்தறதுக்குத்தான் ஒட்டறது."

"பேரு வெச்சா மட்டும் ஆயிடுமா? அன்னலட்சுமி அத்த யாருக்காச்சும் ஒரு வாய் சோறு போட்டிருக்காங்களா?"

"அவளுக்கு யாரும் முதுகுல ஒட்டல. ஒட்டிருந்தா போட்டிருப்பா" என்றார் அப்பா. ரியாஸ் அண்ணன் கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஸ்டாண்டில் இரண்டு வண்டிக்கும் நானே ஒட்டினேன். குமிழ் வராமல் ஸ்கேலால் தேய்க்க வேண்டும். சாம்சன் மாமா பின்னால் வந்து நின்று, அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னேன். அந்த எழுத்துகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"டேய் தனகோட்டி, இத ஒட்டிக்கினு ஒயின்ஷாப் வாசல்ல வண்டிய நிறுத்த முடியாதேடா."

"அதுக்குத்தான்டா" என்றார் அப்பா.

டிசம்பர் 3, புதன்

மகாதீபம். மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். மலை ஓர் அடிகூட நகரவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "சித்திரைக்குத்தான் நகரும். இன்னிக்கு அதுக்கு வேல இருக்குது" என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி

அப்பா பெங்களூர்ப் பையைத் திரும்பப் பரணில் போடுவதற்காகத் தூக்கினார். தூக்க முடியவில்லை.

"இன்னா பாப்பா இது? உள்ள கல்லா?"

"புத்தகம்பா."

ஜிப்பைத் திறந்து பார்த்தார். ஏழாம் வகுப்பு அறிவியலை எடுத்துப் புரட்டினார். அதற்கு அடியில் ஆறாம் வகுப்பு இருந்தது. அதற்கும் அடியில் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் புத்தகம்.

"எப்போலேர்ந்து இதுல இருக்குது?"

"அலமாரியில இடமில்லப்பா. அதான்."

கிரெயீப்லே. அலமாரியில் நிஜமாகவே இடம் கம்மிதான். அப்பா தரையில் உட்கார்ந்தார். போளூரைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை, இதைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தூசி தட்டி, என் பக்கத்தில் அடுக்கினார். காலிப் பையைச் சுருட்டிப் பரணின் கோடிக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

"இடமில்லன்னா வாயத் தொறந்து சொல்றதுதானே? நாளைக்கே செவுத்துல ஒரு பலக அடிச்சித் தரேன்."

அப்பாவின் "நாளைக்கு" கிரெயீப்லே இல்லை. பலகை வரும்.